காற்று நமது பிரிவுக்குள் வராது

ஜேர்மனியின் ரூர் பிரதேசத்தில் ஒரு நகரசபை. அதன் எல்லைக்குள் ஒரு பழைய கல்லுக்குழி. கல் எடுப்பதை நிறுத்தியபின் தண்ணீர் நிறைந்து அது ஆழமான ஏரியாகிவிட்டது. சனிக்கிழமைகளில் ஆட்கள் முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு அதில் இறங்குவார்கள். மனிதர்கள் ஓரிடத்தில் தாங்களாகவே சந்தோஷமாக இருப்பதை எந்த நகரசபையாலும் நெடுநாள் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆகவே 'நீரடிப் பாதுகாப்புப் பிரிவு' உதயமானது.

அதில் பிளோறன்ஸ் தற்காலிக உத்தியோகத்தர். நிரந்தரமாக்கினால்தான் வங்கி கடன் தரும், கடன் கிடைத்தால்தான் வீடு, வீடு கிடைத்தால்தான் மதீசனோடு கல்யாணம். கெல்சென்கிர்ச்சனில் உள்ள சொந்தக்காரர் எல்லாரும் இதற்குள் 'அரசாங்க வேலை' என்று பறையடித்துவிட்டார்கள். இனி அது பிழைத்துப்போனால் கேவலார் மாதா திருவிழாவில் தலைகாட்ட முடியாது.

ஆழத்திலிருந்து விறுவிறென்று மேலே வந்தால் இரத்தத்தில் கரைந்த வாயு, சோடாப் போத்தலைத் திறந்ததுபோலக் குமிழியாகி மூட்டுகளைப் பிடித்துவிடும். வழியில் எவ்வளவு நேரம் தரித்து நிற்க வேண்டும் என்று அட்டவணை ஒன்று தயாரிக்கும் பொறுப்பு பிளோறன்சிடம் வந்தது. அவள் சரித்திரத்தை ஒழுங்காகப் படித்தாள். நூறு வருடங்களுக்கு முன்னர் இங்கிலாந்தில் ஆடுகளை இரும்பு அறையில் அடைத்து, அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து, எந்த ஆடு நொண்டுகிறது என்று பார்த்து முதல் அட்டவணையைப் போட்டிருந்தார்கள். பிறகு கடற்படைக்காரர் திருத்தினார்கள். அதற்குப் பிறகு பொழுதுபோக்குக்கு மூழ்குகிறவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்த வழியில் பார்த்தால் ஏரிக்கு ஐந்து நிமிடம் போதும்.

பிரிவின் தலைவர் ஹெர் ஒஸ்டர்காம்ப் கண்ணாடியைக் கழற்றினார். "இவை நமது நகரத்தில் பதிவு செய்த ஆடுகளா?"

இல்லை என்றாள். அப்படியானால் வெளிநாட்டில் பெற்ற அனுபவத்தை அப்படியே அங்கீகரிக்க முடியாது என்றார் அவர். மன்னாரில் கணக்காளராக இருந்த பிளோறன்சின் தகப்பன் இங்கே வந்து வேலை கேட்டபோதும் இதே பதில்தான் கிடைத்தது.

கடற்படைக்காரர் இளந்தாரிகள், நமது குடிமக்களோ சோபாவில் வளர்ந்தவர்கள் என்று சுகாதாரப் பிரிவு கொஞ்சம் கூட்டியது. கடிகாரம் பிழையாக ஓடலாம் என்று சட்டப் பிரிவு கூட்டியது. அயல் நகரசபைகள் எல்லாம் வைத்திருப்பதால் இந்த நகரசபையும் ஒரு மன அமைதிப் பயிற்சியாளரை வைத்திருந்தது. அவர் தண்ணீருக்குள் அசையாமல் நிற்பது தியானத்துக்கு அருமையான சந்தர்ப்பம் என்று தன் பங்குக்குக் கூட்டினார். இருபத்தைந்து நிமிடமாயிற்று.

இந்த இடத்தில்தான் பிளோறன்ஸ் வாயைக் கொடுத்தாள். அளவுக்கு மிஞ்சிப் போட்டால் ஒருவரும் மதிக்க மாட்டார்கள், எங்கள் தமிழ் விழாக்களைப் பாருங்கள் என்றாள். பதினொரு மணி விழாவுக்கு அழைப்பிதழில் பத்து என்று போடுவோம், சனம் அது தெரிந்து பன்னிரண்டுக்கு வரும், அடுத்த வருடம் ஒன்பது என்று போடுவோம். அவள் அதை எச்சரிக்கையாகத்தான் சொன்னாள்.

ஒஸ்டர்காம்ப் எழுந்தே நின்றுவிட்டார். "கேட்டீர்களா? சொன்ன நேரத்தில் பாதியைக் கழிப்பது மனித இயல்பு. ஆகவே நாம் முன்கூட்டியே இரட்டிப்பாக்க வேண்டும்."

ஐம்பது நிமிடம் என்று தீர்மானமாயிற்று. பிளோறன்சின் பல்கலாசார அறிவு பெரிதும் பாராட்டப்பட்டது.

"அவ்வளவு நேரத்துக்கு சிலிண்டரில் காற்று இருக்காதே" என்றாள் அவள்.

"காற்று நமது பிரிவுக்குள் வராது" என்றார் ஒஸ்டர்காம்ப். எல்லாரும் தலையாட்டினார்கள். அடுத்த கூட்டத்தில் தன் நிரந்தர நியமனம் வருவது ஞாபகம் வர, அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

ஏரிக்கரையில் பலகை நட்டார்கள். வந்தவர்கள் வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். முன்பு பழைய வழக்கப்படி ஐந்து நிமிடம் நின்றவர்கள் இப்போது, எப்படியும் சட்டத்தை மீறத்தானே போகிறோம் என்று ஒரு நிமிடமும் நிற்காமல் மேலே வந்தார்கள். அவர்களில் மதீசனும் ஒருவன். பின்னேரம் அவனுக்கு வலது முழங்கை வலித்தது. பிறகு கையைத் தூக்கவே ஏலாமல் போய், ஆஸ்பத்திரியில் அழுத்த அறைக்குள் போட்டார்கள்.

வெளியே எடுத்ததும் பிளோறன்ஸ் கட்டிலடியில் நின்று அழுதாள். தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"ஏன் நிக்கேல்லை நீங்கள்?"

"அம்பது நிமிசம் ஆர் நிப்பினம்? அஞ்சு எண்டு போட்டிருந்தா நிண்டிருப்பன். நீர் அங்கதானே இருந்தனீர், ஏன் சொல்லேல்லை?"

"நாளைக்குக் கூட்டம். கட்டாயம் சொல்லுறன்."

மறுநாள் ஒஸ்டர்காம்ப் விசாரணை முடிவை வாசித்தார். ஐம்பது நிமிடம் என்ற விதி அமுலில் இருந்தும் ஒருவர் பாதிக்கப்பட்டிருக்கிறார். எனவே ஐம்பது போதாது, நூறாக்க வேண்டும். அதற்கு முன்னர் ஒரு மகிழ்ச்சியான விடயம் என்று சொல்லி, பிளோறன்சை நிரந்தரமாக்கிய கடிதத்தையும் பூச்செண்டையும் கொடுத்தார். எல்லாரும் கைதட்டினார்கள். தட்டி முடிந்ததும், நூறு நிமிடத்தை ஆதரிப்பவர்கள் கை உயர்த்தும்படி கேட்டுக்கொண்டார்.

பிளோறன்ஸ் பூச்செண்டை மடியில் வைத்துவிட்டுக் கையை உயர்த்தினாள்.

வெளியே வந்து மதீசனுக்குத் தொலைபேசி எடுத்து, நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். ஏசப் போகிறான் என்று நினைத்தாள். ஆனால் அவன் கேட்டது வேறு.

"அப்ப நிரந்தரம் கிடைச்சிட்டுது?"

"ஓம்."

"நூறோ இருநூறோ, அதை ஆர் பாக்கப் போயினம்? நீர் முதல்ல வங்கியில போய்க் கடன் கதைக்கிறதுக்கு ஒரு ரெர்மின் எடும்."