அஞ்சாங்கட்டைத் தோட்டத்தில் ட்ரோன் நகர்ந்த வரலாறு

அரசாங்கச் சொத்து ஓரிடத்தில் நிற்க வேண்டும். அதுதான் முறை. மேசை நிற்கிறது. அலமாரி நிற்கிறது. கோப்பு பதினோரு வருடமாக அசையாமல் நிற்கிறது. நில அலுவலகத்தின் ட்ரோன் மட்டும் நிற்கவில்லை. இடப்பக்கம் போனது.

போனால் போகட்டும் என்று பத்துமலையால் இருக்க முடியவில்லை. காரணம் உண்டு.

மலேசியாவில் ஈப்போவுக்கு வெளியே அஞ்சாங்கட்டைத் தோட்டம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் அடுக்குமாடிக் கோண்டோ வந்தது. மிச்சம், ஒரே வரிசையில் ஒன்பது வீடு. ரோட்டோரம் ஒன்றாம் நம்பர். கடைசி, ஒன்பதாம் நம்பர், பத்துமலையுடையது. அதற்கு இடப்பக்கம் ஈயம் தோண்டி விட்டுப்போன பழைய குட்டை. பத்துமலை நாற்பது வருடம் லாரி ஓட்டி ஓய்ந்தவர். மனைவி நல்லம்மாளோடு அங்கே இருந்தார். வீட்டுக்குக் கிராண்டு, அதாவது நிலப்பட்டா, கிடையாது. கிராண்டு இல்லாத வீட்டில் செருப்பைக் கழற்றிவிடலாம். சொந்தம் என்று சொல்ல முடியாது.

இந்த வருடம் கிராண்டு கொடுத்துவிடுவது என்று மேலிடம் திருவுளம் கொண்டது. வந்து வீட்டைப் பார்த்துவிட்டுக் கொடுக்கலாம். ஆனால் அது பழைய முறை. இப்போது எதற்கும் ட்ரோன்தான் நாகரிகம். காதுகுத்துக்கு ட்ரோன். வளைகாப்புக்கு ட்ரோன். சித்தியவானில் ஒரு கருமாதிக்கும் ட்ரோன் வந்தது. செத்தவரைத் தவிர எல்லாரும் மேலே பார்த்துச் சிரித்தார்கள். ஆகவே நில அலுவலகமும் ஒன்று வாங்கியது. கல்யாணப் படக்காரன் வைத்திருப்பானே, அந்தச் சின்னச் சாமான்தான். அதற்கு ஒரு பதிவு எண், ஒரு பூமாலை, ஒரு திறப்பு விழா.

விதி எளிது. விண்ணப்பதாரர் தம் வாசலில் நிற்பார். ட்ரோன் அவர் வீட்டுக்கு மேலே ஒரு நிமிடம் நிற்கும். பிறகு படம் எடுக்கும். படத்தின் நடுவில் எது இருக்கிறதோ, அது அவர் வீடு.

அந்த ஒரு நிமிடத்தில் ட்ரோன் ஒரு வீடு தூரம் இடப்பக்கம் நகர்ந்தது. ஒன்றாம் நம்பர்காரருக்கு இரண்டாம் வீடு விழுந்தது. இரண்டுக்கு மூன்று. இப்படியே போய், எட்டாம் நம்பர் ஜெயபாலனுக்குப் பத்துமலை வீடு விழுந்தது. பத்துமலைக்குக் குட்டை. நகரும்போது எடுத்ததால் படம் எல்லாம் மங்கல். ஆனாலும் படம் படம்தான். ஒன்றாம் வீடு யாருக்கும் விழவில்லை. அலுவலகம் அதை 'ஆளில்லா வீடு' என்று எழுதிக்கொண்டது. அப்போது உள்ளே ஆறு பேர் சோறு தின்றுகொண்டிருந்தார்கள்.

கடிதம் வந்தது. 'தாங்கள் வசித்துவரும் நீர்நிலையின் உரிமை தொடர்பாக' என்று தொடங்கியது.

"நீர்நிலைன்னா என்னங்க?" நல்லம்மாள் கேட்டாள்.

"குட்டை."

"நாம குட்டையிலயா இருக்கோம்?"

"கவர்மெண்டு சொல்லுது."

"அதான் எனக்கு முட்டி வலிக்குது போல."

சாயங்காலம் ஜெயபாலன் தனக்கு வந்த கடிதத்தோடும் அளவு நாடாவோடும் வந்தான். வாசல் சுவரை அளந்தான்.

"என்னடா அளக்குற?"

"கோச்சுக்காதீங்கண்ணே. ஏர்கோன் மாட்டணும். இந்த ரூம்பு வெயில் பக்கமால்ல இருக்கு."

"என் வீட்டுலயா?"

கடிதத்தைக் காட்டினான். "இந்தச் சுராட்ல நம்ம பேருதானே லா இருக்கு. நீங்க அவசரம் இல்லாம காலி பண்ணுங்கண்ணே. நான் என்ன மனுசன் இல்லையா?"

மற்ற ஏழு வீட்டிலும் இதே கதை. பக்கத்து வீடு எப்போதும் கொஞ்சம் பெரிசு. புகார் சொல்ல ஒருவரும் இல்லை. பத்துமலை மட்டும் நில அலுவலகத்துக்குப் பஸ் ஏறினார்.

உதவி அதிகாரி ஸ்கந்தராஜா மேசைக்குப் பின்னால் இருந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா ரயில்வேயில் அதிகாரி, தாத்தா தபாலில் அதிகாரி. கோடு போட்ட சட்டை, நேரான வகிடு. ட்ரோன் ஓட்ட மூன்று நாள் பயிற்சி பெற்றவர். அதில் இரண்டு நாள் தேநீர். ஒரு நாள் குழுப்படம்.

"ட்ரோன் நகருது சார்."

"நகரேல்லை. அது நிக்கிற இடம்தான் உங்கட வீடு."

"நான் வாசல்ல நின்னேன் சார்."

"அது உங்கட அபிப்பிராயம், மிஸ்டர் பத்துமலை. படம் ஆவணம்."

"காத்து தள்ளிருக்கலாம்ல?"

"அதையும் விட்டு வைக்கேல்லை. காத்திட்ட விளக்கம் கேட்டுக் கடிதம் போட்டிருக்கு." அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "அது கிடக்கட்டும். படகு லைசன்ஸ் வைச்சிருக்கிறீங்களோ?"

"எதுக்கு?"

"நீர்நிலையில வசிக்கிறவைக்குக் கட்டாயம்."

பத்துமலை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்காத ஆளுக்கு அலுவலகத்தில் எப்போதும் எழுதி நிரப்ப ஒரு பாரம் உண்டு. ஸ்கந்தராஜா அதை எடுத்தார். மறுபடப் பாரம். ஒரே ஒரு தடவை மறுபடியும் எடுப்பார்கள். அப்போதும் குட்டை வந்தால் கோப்பு மூடப்படும். குட்டை அவருக்கு. வீடு ஜெயபாலனுக்கு.

புதன்கிழமை பத்து மணிக்கு ஆபீஸ் பிக்கப் வந்தது. ஸ்கந்தராஜா குடையோடு இறங்கினார். ட்ரோனைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பிக்கப்பின் போனட்டு மேல் வைத்தார். திரை வைத்த ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டார். ஒன்பது வீட்டாரும் வேடிக்கை பார்த்தார்கள்.

பத்துமலை போனட்டைப் பார்த்தார். லாரி டேஷ்போர்டில் ஒரு காலத்தில் திசைகாட்டி ஒட்டி வைத்திருந்தவர். இரும்புக்குப் பக்கத்தில் அந்த முள் எப்படிப் பொய் சொல்லும் என்று தெரியும்.

"இரும்பு மேல ஏன் சார் வைக்கிறீங்க? தரையில வைங்க."

"ஐநூறு வெள்ளிக்கு மேல பெறுமதியான சொத்து தரையில படக்கூடாது."

"திரையில செவப்பா என்னமோ எழுதியிருக்கே."

"அது ஒவ்வொரு நாளும் வரும். நான் ஓகே அமத்திப்போட்டு ஓட்டுவன்."

பத்துமலை வாசித்தார். 'திசைகாட்டி பிழை. இரும்பை விட்டு விலகிச் செல்லவும். கையில் பிடித்துக்கொண்டு ஒரு முழுச் சுற்று சுற்றவும்.'

"சுத்தச் சொல்லுது சார்."

"தெரியும். நான் கிரேட் நாற்பத்தொண்டு ஆபிசர். நடு ரோட்டில நிண்டு சுத்தினா டிபார்ட்மெண்டுக்கு என்ன மரியாதை? சுத்துறதுக்கு ஒரு ஆளை நியமிக்கச் சொல்லி மேலிடத்துக்கு மார்ச்சிலயே எழுதியாச்சு."

"பதில்?"

"சுத்துபவருக்கு என்ன கல்வித் தகுதி எண்டு கேட்டிருக்கினம்."

பத்துமலை ட்ரோனை எடுத்துக்கொண்டு வீடுகளுக்கு எதிரே இருந்த திடலின் நடுவுக்கு நடந்தார். "மிஸ்டர் பத்துமலை! அரசாங்கச் சொத்து!" என்று குடையும் ரிமோட்டும் பின்னால் ஓடிவந்தன.

சுற்றினார். இருபது தைப்பூசம் காவடி எடுத்த கால் அது. ஒரு சுற்றோடு நிற்கத் தெரியாது. மூன்று சுற்றியது. ரிமோட்டின் திரை, ட்ரோனின் மூக்கைக் கீழே பிடித்து இன்னொரு முறை சுற்றச் சொன்னது. தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துச் சுற்றினார். ட்ரோன் விளக்கைச் சிமிட்டிக் கூவியது. வேட்டி பறந்தது.

"ஐயோ, இவருக்கு வந்திருச்சு!" நல்லம்மாள் அலறினாள்.

பெண்கள் குலவை போட்டார்கள். ஒருத்தி மஞ்சள் தண்ணீரோடு ஓடிவந்தாள். ஜெயபாலன் செருப்பைக் கழற்றிவிட்டுக் குறுக்கே விழுந்தான்.

"சாமி, அந்த வீடு எனக்குத்தானே சாமி?"

"போடா அந்தப் பக்கம்!"

"வாக்குச் சொல்லிருச்சு," என்றது கூட்டம்.

ஸ்கந்தராஜா சுற்றுமுற்றும் பார்த்தார். குடையை மடக்கினார். கிட்டே வந்து மெல்லிய குரலில், "எனக்குக் கிரேட் நாற்பத்துநாலு எப்ப கிடைக்கும்?" என்று கேட்டார்.

பத்துமலை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "பச்சை வரட்டும் சார்," என்றார் மூச்சிரைக்க.

ஸ்கந்தராஜா அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

பச்சை வந்தது. ஒரு பிளாஸ்டிக் முக்காலி மேல் வைத்து ட்ரோனை ஏற்றினார்கள். ஒன்பதாம் நம்பர் கூரைக்கு மேல் போய் ஆணி அடித்த மாதிரி நின்றது. ஒரு நிமிடம். படம். நட்ட நடுவில் பத்துமலை வீடு. கொடியில் காய்ந்த கைலியின் கட்டம்கூட எண்ணலாம். உற்சாகம் தாங்காமல் ஸ்கந்தராஜா ஒன்பது வீட்டையும் திரும்ப எடுத்தார். அவரவர் வீடு அவரவருக்கு. ஜெயபாலன் நாடாவைச் சுருட்டிக்கொண்டான். நல்லம்மாள் எல்லாருக்கும் பாயசம் கொடுத்தாள்.

பத்து நாளில் அடுத்த கடிதம் வந்தது. ஒன்பது வீட்டுக்கும் ஒன்பது.

தோட்டம் கட்டிக்கொடுத்த வீடு சின்னது. பிள்ளை பெருகியது. அடுப்படி பின்னால் போனது. யாரும் யாரையும் கேட்கவில்லை. மங்கல் படத்தில் இதெல்லாம் ஒரே சாம்பல். இந்தப் படத்தில் செங்கல் செங்கலாகத் தெரிந்தது. அனுமதியின்றிக் கட்டிய பகுதியைப் பதினான்கு நாளில் இடித்துவிட்டு வந்து கிராண்டு பெற்றுக்கொள்ளவும். இல்லாவிட்டால் கிராண்டு இல்லை. அதிகம் கட்டியவர் பத்துமலை. அடுப்படி, குளியலறை, கோழிக்கூண்டு, அதற்கு மேல் ஒரு ஜிங் தகரக் கூரை.

எட்டுப் பேர் வாசலில் வந்து நின்றார்கள்.

"சும்மா போயிட்டு இருந்த ட்ரோனை நிக்க வச்சது யாருண்ணே?" என்றான் ஜெயபாலன்.



"குட்டையே தேவலைங்க," என்றாள் நல்லம்மாள் உள்ளே இருந்து. "குட்டைக்கு அடுப்படி இல்ல."

அன்றே மனு எழுதினார்கள். 'மேற்படி ட்ரோன் நிற்காமல் இடப்பக்கமாக நகர்வதை நாங்கள் ஒன்பது பேரும் நேரில் கண்டோம். அதன் படம் எதையும் நம்புவதற்கில்லை.' முதல் கையெழுத்து பத்துமலை.

மனுவை அவரே கொண்டுபோனார். ஸ்கந்தராஜா வாசித்தார்.

"நகருதோ? அண்டைக்கு ஆணி மாதிரி நிண்டதே!"

"நகருது சார்."

"எவ்வளவு?"

"பயங்கரமா."

ஸ்கந்தராஜா சன்னல் பக்கம் திரும்பினார். அவர் மேசையில் வேறொரு உத்தரவும் கிடந்தது. ட்ரோன் இப்போது நன்றாக நிற்பதால், வரும் திங்கள்கிழமை அரசாங்கக் குவார்ட்டர்ஸ் வீடுகளையும் படம் எடுப்பது. அவர் குவார்ட்டர்ஸ் பின்பக்கம், சாக்கடைக்கு மேலே, இரண்டு கார் நிற்கிற கொட்டகை ஒன்று இருந்தது. மனைவி ஆசைப்பட்டு, அனுமதி கேட்காமல் கட்டியது.

மனுவை இன்னொரு தடவை வாசித்தார். பேனா மூடியைத் திறந்தார்.

"நானும் அண்டைக்கே கவனிச்சனான்," என்று சொல்லிப் பத்தாவது கையெழுத்தைப் போட்டார்.