ஒற்றைக் கூடைப் போட்டி

“மேட்ச்சை நடத்துங்க சார்” என்றாள் நிவேதா.

இந்த ஒன்றை மட்டும் கேட்டுவிடாதே என்று பக்கத்து வீட்டு ஜெயமணியக்கா பண்டசோழநல்லூர் பஸ் ஸ்டாப்பிலேயே மூன்று முறை சொல்லி அனுப்பியிருந்தாள். போனோமா, தட்டைக் கையில் பிடித்துப் போட்டோவுக்கு நின்றோமா, சர்டிபிகேட்டை வாங்கினோமா, வந்தோமா என்று இருக்க வேண்டும். ஆட்டம் எப்போது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் அடுத்த வருஷம் கூப்பிட மாட்டார்கள்.

நிவேதாவுக்கு அடுத்த வருஷம் கிடையாது. நவம்பர் வந்தால் அரசு வேலைக்கு வயது தாண்டிவிடும். அவள் வீட்டில் முதல் டிகிரி அவளுடையது, பி.எஸ்சி. கணிதம். நான்கு தேர்வு எழுதி, நான்கிலும் ஒன்றிரண்டு மார்க்கில் கோட்டை விட்டிருந்தாள். கடைசித் தேர்வு அடுத்த மாதம். ஏதாவது ஒரு விளையாட்டில் மாநில அளவில் முதல் இடம் என்றால் அந்த ஒன்றிரண்டு மார்க் கூடும். இரண்டாம் இடத்துக்குக் கைதட்டல் மட்டும்தான்.

டிஸ்க் கால்ஃப் சங்கத்தின் செயலாளர் தங்கவேல் அவளைப் பார்த்த பார்வை, உரக்கடையில் மூட்டையைப் பிரித்து எடை போடச் சொன்னவனைப் பார்க்கும் பார்வை. பாகூர் கடைத்தெருவில் அவருக்கு உரக்கடை. ஊருக்கு வெளியே முக்கால் காணி சவுக்குத் தோப்பும் அவருடையது. மாநிலப் போட்டி நடப்பதாகப் பேனர் கட்டியிருந்தது அங்கேதான்.

“இன்னாம்மா, வெளையாடறியா?” என்றார். “கூடை ஒண்ணுதான் இருக்குது. ஒம்போது கூடை வேணும் இந்த ஆட்டத்துக்கு. போட்டோவுக்கு ஒண்ணு போதும்னு வெல்டிங் பட்டறையில ஒண்ணுதான் செஞ்சேன்.”

“ஒண்ணு போதும் சார். எடத்துக்கு எடம் தூக்கிட்டுப் போனா ஒம்போது.”

“யாரு தூக்கறது?”

நிவேதா கூடையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

ஆட்டம் சுலபமானது. ஒரு கம்பம், அதன் நடுவில் இரும்புக் கூடை, மேலே வளையத்திலிருந்து தொங்கும் சங்கிலிகள். குறித்த இடத்தில் நின்று தட்டை வீச வேண்டும். விழுந்த இடத்திலிருந்து மறுபடி வீச வேண்டும். கூடையில் விழும்வரை எத்தனை வீச்சு என்று எண்ண வேண்டும். ஒன்பது இடமும் முடிந்ததும் குறைவாக வீசியவர் ஜெயிப்பார். போனில் வீடியோ பார்த்து இரண்டு வாரம் அறுத்த கழனியில் பழகியிருந்தாள் நிவேதா. டிஸ்க் இல்லாததால் எவர்சில்வர் தட்டை வீசினாள். வீட்டில் இப்போது எந்தத் தட்டிலும் ரசம் நிற்பதில்லை.

போட்டிக்கு வந்திருந்தது மூன்று பேர். மண்ணாடிப்பட்டு ஜெயசுதா எந்தப் பரிசு கொடுத்தாலும் வாங்கிக்கொள்வதாக முன்பே சொல்லிவிட்டாள். இன்னொருத்தி யாமினி. தங்கவேலின் மச்சினன் மகள். பிளஸ் டூ முடித்து, காலேஜ் சீட்டுக்காக வந்தவள். அந்த உறவைக் கேள்விப்பட்ட நிமிஷமே நிவேதாவுக்குக் கணக்கு விளங்கிவிட்டது. ஆட்டம் நடக்காவிட்டால் முதல் இடம் யாருக்கு என்று சொல்ல பி.எஸ்சி. தேவையில்லை.

“நடத்தலைன்னா நான் இதை எழுத்துல கேப்பேன்” என்றாள்.

தங்கவேல் யாமினியைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். ஏதோ சொல்ல வந்து, விழுங்கிவிட்டு, கம்பத்தைத் தூக்கித் தோளில் வைத்தார்.

ஒன்பதில் முதல் இடத்தில் நிவேதா மூன்று வீச்சு, யாமினி நான்கு. ஜெயசுதா பதினொன்றாவது வீச்சில் தட்டைக் கீழே வைத்துவிட்டு, “எனக்கு மூணாவதே போதும்பா, பஸ்ஸு போயிடும்” என்று கிளம்பினாள். இதுவரைக்கும் நல்லபடியாகத்தான் போனது.

இரண்டாம் இடத்தில் நிவேதாவின் தட்டு சவுக்கின் உச்சிக் கிளையில் போய் உட்கார்ந்துகொண்டது. தங்கவேல் தன் செருப்பைக் கழற்றி எறிந்தார். செருப்பும் உட்கார்ந்துகொண்டது. அதை இறக்க இன்னொரு செருப்பை எறிந்தார். அது தட்டை இறக்கியது, தான் இறங்கவில்லை. அதற்குப் பிறகு அவர் வெறுங்காலில் நெருஞ்சி முள்ளுக்குள் முப்பது கிலோ இரும்பைச் சுமந்து நடந்தார்.

மூன்றாவது முடிந்ததும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். “நீதானேம்மா முன்னாடி இருக்கற? போதும். இத்தோட நிறுத்திக்கலாம். தெம்பு இல்ல.”

நிவேதா யோசித்துப் பார்த்தாள். பாதியில் நின்ற ஆட்டம் செல்லாது. செல்லாத ஆட்டத்துக்கு முடிவு கிடையாது. முடிவு இல்லாவிட்டால் அவர் எழுதுவதுதான் முடிவு. நல்ல வழிதான் கண்டுபிடித்திருக்கிறார்.

“ஒம்போதும் ஆடணும் சார்.”

“அடி ஆத்தி” என்றார் தங்கவேல், கம்பத்திடம்.

யாமினிக்கு எதுவும் உறைக்கவில்லை. காதில் போன், வாயில் பேச்சு. அவள் முறை வந்தால், “இருடி, ஒண்ணு வீசிட்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டு இடது கையால் வீசினாள். போகிற இடத்துக்குப் போனது.

ஐந்தாம் இடத்தில் நிவேதாவின் தட்டு வேலி தாண்டிப் பக்கத்துக் கரும்பில் விழுந்தது. எல்லைக்கு வெளியே போனால் ஒரு வீச்சு அபராதம். தங்கவேல் சட்டென்று வேறு பக்கம் திரும்பினார்.

“நான் பாக்கல. கணக்குல சேக்காத. இன்னொரு தடவ வீசு.”

“அபராதம் ஒண்ணு” என்று தாளில் எழுதினாள் நிவேதா.

“பாவிப் பொண்ணே, நான்தான் பாக்கலன்றனே.”

இன்றைக்குப் பார்க்கவில்லை என்பார், நாளைக்குத் திருட்டு ஆட்டம் என்று கமிட்டியில் சொல்லி முதல் இடத்தைப் பிடுங்கிக்கொள்வார். இந்த மாதிரிப் பெரிய மனுஷர்களின் தாராளத்தை நிவேதா நிறையப் பார்த்தவள். அபராதத்தின் மேல் இன்னொரு முறை அழுத்தி எழுதினாள்.

ஆறில் அவருக்கு முதுகு பிடித்தது. ஏழில் சட்டை கிழிந்தது. எட்டு முடிந்தபோது நிவேதா இருபத்தேழு, யாமினி இருபத்தெட்டு. இன்னும் ஒன்றே ஒன்று.

ஒன்பதாம் இடத்துக்குத் தங்கவேல் கம்பத்தை இழுத்துக்கொண்டுதான் வந்தார். முடிந்தவரை வந்து, ஒரு மரத்துக்குப் பின்னால் ஊன்றிவிட்டு அப்படியே சாய்ந்தார்.

“சார், குறி போட்ட எடம் மூணு தப்படி வலது பக்கம்.”

“மூணு தப்படியில இன்னாம்மா ஆவப் போவுது?”

“மூணு தப்படி சார்.”

அவர் நகர்த்தினார். அப்போது அவர் முனகியது எந்தச் சாமியின் பெயர் என்று தெரியவில்லை.

எட்டாவதில் யாமினி ஜெயித்திருந்ததால் அவள்தான் முதலில் வீச வேண்டும். போனில் எதற்கோ சிரித்துக்கொண்டே வீசினாள். தட்டு எதிர்த்திசையில் போனது. ஒரு சவுக்கில் மோதியது. அங்கிருந்து இன்னொன்றில் மோதியது. சோர்ந்துபோய், மூன்று தப்படி வலதுபக்கம் நகர்த்தியிருந்த கூடைக்குள், சங்கிலிகூடச் சத்தம் போடாமல் விழுந்தது.

ஒரே வீச்சு.

“விழுந்துட்டுதா?” என்று கேட்டாள் யாமினி.

தங்கவேல் தலையில் கை வைத்தார். நிவேதாவுக்கு இரண்டு வீச்சு இருந்தது, சமன் செய்ய. முதல் தட்டு கூடைக்கு ஐந்தடி முன்னால் விழுந்தது. அங்கிருந்து மெதுவாக வீசினாள். சங்கிலியில் சலீரென்று பட்டது. உள்ளே போனது. ஒரு யோசனைக்குப் பிறகு வெளியே வந்து புல்லில் விழுந்தது.

மூன்றாவது வீச்சில்தான் உள்ளே நின்றது. மொத்தம் முப்பது. யாமினி இருபத்தொன்பது.

“வுடு, வெளையாட்டுத்தானே” என்றபடி தங்கவேல் எழுந்து வந்து கையை நீட்டினார். “அந்தப் பேப்பரை எங்கிட்ட குடுத்துடு. நான் பாத்துக்கறேன்.”

பார்த்துக்கொள்வாராம். பேப்பர் அவர் கைக்குப் போனால் முப்பதை நாற்பதாக்கி, டிகிரி படித்தவளுக்கு ஆடவே தெரியவில்லை என்று ஊரெல்லாம் சொல்லுவார். நிவேதா தாளில் யாமினியிடம் கையெழுத்து வாங்கினாள். தானும் போட்டாள். போட்டோ எடுத்து, நானூறு பேர் இருக்கிற விளையாட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். முதல் இடம் யாமினி, இரண்டாம் இடம் நிவேதா, ஆட்டம் விதிப்படி நடந்தது.

தங்கவேலின் போனும் சிணுங்கியது. பார்த்தார். கம்பத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

“கொஞ்சம் நில்லும்மா” என்று பின்னாலிருந்து கூப்பிட்டார். “தனியா ஒரு விஷயம் சொல்லணும்.”

நிவேதா நிற்கவில்லை. முடிவு எடுத்தாகிவிட்டது. இனி இவன் சர்டிபிகேட்டும் வேண்டாம், இன்னொருத்தன் சர்டிபிகேட்டும் வேண்டாம். அடுத்த மாதத் தேர்வை வெறும் மார்க்கை நம்பியே எழுதுவாள். தோற்றாலும் யாராலும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. தோப்பின் படலைத் தள்ளிக்கொண்டு ரோட்டுக்கு வந்தாள்.

எதிரே மொபெட்டில் ஒருவர் வந்தார். வில்லியனூரில் பிரிண்டிங் கடை வைத்திருக்கும் அந்தோணிசாமி. முன்னால் பழுப்புக் கவர் ஒன்று இருந்தது. அவளைப் பார்த்ததும் கவரை முழங்காலுக்கு அடியில் ஒளித்தார்.

“ஏம்மா, நீ யாமினி இல்லியே?”

“இல்ல” என்றாள் நிவேதா, நடந்துகொண்டே.

அவர் நிம்மதியாக மூச்சு விட்டு, வண்டியை அவள் பக்கமாக உருட்டிக்கொண்டு வந்தார்.

“அந்தப் பொண்ணு கண்ணுல மட்டும் படக் கூடாதுன்னு செக்ரட்டரி ஆயிரம் தடவ சொல்லிட்டாரு, அதான் கேட்டேன். வேலைக்குப் போற அளவுக்குப் படிச்ச பொண்ணு ஒண்ணுதான் இருக்குதுன்னு, முதல் பரிசு அந்த நிவேதாவுக்குன்னு போன வாரமே சர்டிபிகேட் அடிச்சு லேமினேஷனும் போட்டாச்சு.”