நாலாம் மாடியிலிருந்து இறங்கிய முத்திரை

தொற்றைவிட வேகமாகப் புகழ் பரப்பிவரும் என் மருமகள் டாக்டர் ராலிட்சாவுக்கு, நம் ஆஸ்பத்திரி ஆய்வு நெறிமுறைக் குழுவின் செயலாளனும், டான்யூப் நதிக்கு இக்கரையில் ஒழுங்கின் கடைசித் தூணுமாகிய உன் பிளாமென் மாமா எழுதிக்கொள்வது. நானும் என் மூன்று முகக்கவசங்களும் நலம். உன் நலமும் உன் நோயாளிகள் நலமும் அறிய ஆவல்.

உன் மருந்து ஆய்வுக்கு அனுமதி வாங்கிவிட்டேன்! எப்படி என்று கேள். குழுத் தலைவரின் கையெழுத்தும் வட்ட முத்திரையும் வெள்ளிக்கிழமைக்குள் தலைநகரத்து மருந்துத் துறைக்குப் போய்ச் சேராவிட்டால், உன் வார்டில் மூச்சுக்குத் தவிப்பவர்களுக்கான மருந்து வேறு ஊருக்குப் போய்விடும் என்றார்கள். உடனே கணினித் திரையில் கூட்டம் கூட்டினேன். நீ என் அக்கா மகள். ஆகவே வாக்கெடுப்பின்போது நான் அறையைவிட்டு வெளியேற வேண்டும் என்பது விதி. வெளியேறினேன், என் வீட்டு அறையிலிருந்து என் வீட்டுச் சமையலறைக்கு. திரும்பக் கூப்பிட மறந்துவிட்டார்கள். நேர்மைக்காக ஒரு தட்டம் பாலாடைக்கட்டிப் பனிட்சாவைத் தனியாளாகத் தின்று தீர்த்தவன் இந்த நாட்டிலேயே நான் ஒருவன்தான்.

ஒருமனதாக ஒப்புதல். ஆனால் குழுத் தலைவரும் மாவட்டத் தேனீ வளர்ப்போர் சங்கத் தலைவருமான பேராசிரியர் டிராக்னெவ், காய்ச்சலோடு தன் நாலாம் மாடி வீட்டில் அடைபட்டுக் கிடக்கிறார், முத்திரையும் அவரோடு. முத்திரையில்லாத காகிதம் நம் ஊரில் மீன் பொட்டலம் கட்டத்தான் ஆகும். தெருவில் நின்று நான் போட்ட கூச்சலில் அக்கரை ருமேனியாக் கோழிகள் முட்டையிட மறந்திருக்கும். பேராசிரியரின் மனைவி சோன்கா பால்கனிக்கு வந்தாள்.

"ஏன்யா பிளாமென், மனுஷன் முப்பத்தொன்பது டிகிரியில கொதிக்கிறாரு, உனக்கு முத்திரை கேக்குதா?"

"அவர் கொதிக்கட்டும் அக்கா, முத்திரைய மட்டும் ஆறவச்சு இறக்கு!"

அவள் கயிற்றில் இறக்கிய கூடையில் காகிதம் ஏறியது, கையெழுத்தோடு இறங்கியது. கூடவே முத்திரை, கிருமி சாகட்டும் என்று பிளம் சாராயத்தில் குளிப்பாட்டப்பட்டு. நடுவழியில் கயிறு சிக்க, இரண்டாம் மாடிக் கிழவர் அதை முகர்ந்து, "போன வருஷச் சரக்கு இது, பரவால்ல" என்று தீர்ப்புச் சொல்லி விடுவித்தார். முகக்கவசங்களைத் தாண்டி வந்த என் மூச்சுக்காற்றில் மூக்குக்கண்ணாடி முழுக்கப் பனிமூட்டம். கார் முகப்பில் காகிதத்தை வைத்து ஓங்கிக் குத்தினேன் பார், தெருவே அதிர்ந்தது! காகிதம் அப்போதே தலைநகரத்துக்குப் பறந்துவிட்டது.

மூக்கை மூடி வை, வயிற்றைக் காயப்போடாதே. உன் பெயர் நட்சத்திரங்கள்வரை எட்ட ஆசிகள்.

பிளாமென் மாமா

பி.கு.: கடிதத்துக்கு ஒரு மிடுக்கு வேண்டுமே என்று இதிலும் ஒரு முத்திரை குத்தினேன். இப்போது கண்ணாடி தெளிவு. வட்டத்தின் நடுவே ஒரு தேனீ. ஆக, உன் ஆய்வைத் தேனீ வளர்ப்போர் சங்கம் முழுமனதோடு அங்கீகரித்திருக்கிறது. தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கையில் தலைநகரத்திலிருந்து போன்: "முத்திரை நல்லா வட்டமா இருக்கு, குறையில்ல. கையெழுத்துதான் கறுப்பு மையில இருக்கு. நீலத்துல போட்டு, புதுக் காகிதமா வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்புங்க." நம் அரசாங்கத்தை இனி எவனாவது குறைசொன்னால் பல்லைத் தட்டிவிடுவேன். இதோ, நீலப் பேனாவோடு கிளம்பிவிட்டேன். இந்த முறை முத்திரை குத்துவதற்கு முன்பே கண்ணாடியைத் துடைத்துக்கொள்வேன்.