செத்த வீட்டுக்கு ஓடிப்போனவள்

நான் வாழ்க்கையில் ஒரேயொரு செத்த வீட்டில்தான் குழறி அழுதிருக்கிறேன். செத்தவரை எனக்குத் தெரியாது. அவருடைய பெயரே, அழுது முடித்து, சோடா குடித்து, மூக்கைத் துடைத்த பிறகுதான் தெரியவந்தது. (இதை வெளியில் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் கனடா, லண்டன், பாரிஸ் என்று மூன்று தேசத்துச் சனம் அன்றைக்கு அதை நேரலையில் பார்த்துவிட்டதால், இனி மறைத்துப் பிரயோசனமில்லை.)

அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. இறுப்பிட்டி என்ற தீவக ஊரில் வீடு, பக்கத்துப் பாடசாலையில் கணித ரீச்சர் வேலை. ஒருநாள் ஆசிரியர் அறையில் விஞ்ஞான ரீச்சர் தன் மகளின் அரங்கேற்றத்தைப் பற்றி முக்கால் மணித்தியாலம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் சொல்ல ஏதாவது வேண்டியிருந்தது. "நான் கொழும்பில மரதன் ஓடப்போறன்" என்று சொல்லிவிட்டேன். பின்னேரத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. என் கணவர் குகனுக்குக் கடைசியாகத்தான் தெரிந்தது.

"தையல் வகுப்பு மூண்டு மாசம். சிங்கள வகுப்பு ஆறு கிழமை. ஓர்கன் பழக ரெண்டு நாள்" என்று அவர் விரல்விட்டு எண்ணினார். "இதுக்கு எத்தினை நாள் போடுறது?"

பகிடியாகத்தான் கேட்டார். ஆனால் அது எங்கேயோ தைத்துவிட்டது. தொடங்கிய எதையும் நான் முடித்ததில்லை என்பது எனக்கும் தெரியும்தானே. அடுத்த நாள் விடிய எழும்பி ஓடத் தொடங்கினேன். முதல் நாள் நானூறு மீற்றர். வீட்டுக்கு வந்து இரண்டு மணித்தியாலம் படுத்திருந்தேன்.

போனில் ஓர் அவுஸ்திரேலியப் பயிற்சியாளரின் காணொளிகள் கிடைத்தன. தார் றோட்டில் ஓடினால் முழங்கால் போய்விடும், மண்பாதையில் ஓடுங்கள், இயற்கையோடு ஒன்றுங்கள் என்றார் அவர். தீவகத்தின் இயற்கை எனக்குப் பழக்கமானது. முள், சேறு, சுடுமணல், இடையிடையே மாடு. எட்டு மாதம் அதோடு ஒன்றினேன். நானூறு மீற்றர் நான்கு கிலோமீற்றராகி, பிறகு இருபதும் ஆனது.

மரதனுக்கு மூன்று கிழமை இருந்தது. ஒருமுறையாவது முப்பது கிலோமீற்றர் ஓடிப் பார்க்காமல் நாற்பத்திரண்டுக்குப் போகக்கூடாது என்பது பயிற்சியாளரின் சட்டம். எனவே ஒரு ஞாயிற்றுக்கிழமை, இறுப்பிட்டியிலிருந்து வெளிக்கிட்டு, கடலை ஊடறுக்கும் பாலத்தைக் கடந்து, வேலணைக் கரையோர மண்பாதைகளால் சுற்றி, சாட்டிக் கடற்கரையில் முடிப்பது என்று திட்டம். ஒன்பதரைக்குக் குகன் மோட்டச் சைக்கிளில் அங்கே வந்து நிற்பார்.

"போனைக் கொண்டுபோம்" என்றார்.

"தேவையில்லை. இயற்கையோட ஓடவேணும்."

"இயற்கை கோல் எடுக்குமே?"

இடுப்பில் இரண்டு சின்னத் தண்ணீர்ப் போத்தல்களையும், கையில் ஓடிய தூரம் காட்டும் மணிக்கூட்டையும் கட்டிக்கொண்டு கம்பீரமாக வெளிக்கிட்டேன்.

பாலத்தில் ஓடியபோது இரண்டு பக்கமும் கடல் அசையாமல் கிடந்தது. நாரைகள் ஒற்றைக் காலில் நின்று பார்த்தன. உலகத்தில் என்னைவிடச் சந்தோஷமான கணித ரீச்சர் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். முதல் போத்தலை அங்கேயே முடித்தேன்.

வேலணைப் பக்கம் மண்பாதை இரண்டாகப் பிரிந்தது. பிறகு மூன்றாக. கடைசியில் மாடுகளுக்கு மட்டும் தெரிந்த பாதையில் நின்றேன். காய்ந்த தரை என்று நம்பி ஒரு வெளியைக் குறுக்கே வெட்டினால், மேலேதான் காய்ந்திருந்தது. முழங்கால் வரை உப்புச் சேற்றுக்குள் இறங்கி, கையை ஊன்றி, முகத்தையும் ஊன்றி, எழும்பிப் பார்த்தால் இரண்டாவது போத்தலைக் காணவில்லை.

இருபத்திரண்டாவது கிலோமீற்றரில் வெயில் உச்சந்தலையில் ஏறியிருந்தது. வியர்வையும் உப்புச் சேறும் கண்ணுக்குள் இறங்கி, கண்ணீர் தானாக ஓடியது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிவிட்டது. அப்போதுதான் பனைகளுக்கு நடுவே ஒரு கொட்டகை தெரிந்தது. நீலக் கதிரைகள், நிறையச் சனம், ஒரு பெரிய தண்ணீர்ப் பீப்பா. மேளச் சத்தமும் கேட்டது. கோயில் விசேஷம், அன்னதானம், மோர் என்று மூளை கணக்குப் போட்டது. (கணித மூளைதான். இருபத்திரண்டு கிலோமீற்றருக்குப் பிறகு அதற்கும் பிழை வரும்.)

மிச்சமிருந்த பலத்தையெல்லாம் சேர்த்துப் பீப்பாவை நோக்கி ஓடினேன்.

வாசல் படலையில் நின்ற ஒரு அக்கா என்னைக் கண்டதும் இரண்டு கையையும் விரித்தார். "ஐயோ! வாகனமும் இல்லாமல் ஓடி வந்திட்டாளே பிள்ளை!"

அப்படியே கட்டிப்பிடித்தார். இன்னும் நான்கு பெண்கள் வந்து சேர்ந்து கட்டிப்பிடித்தார்கள். எல்லோருமாக என்னை உள்ளே கொண்டுபோய், நடு விறாந்தையில் இருந்த பெட்டிக்குப் பக்கத்தில் விட்டார்கள். பெட்டிக்குள் வேட்டி சால்வையோடு ஒரு முதியவர் அமைதியாகப் படுத்திருந்தார். அந்த வீட்டில் என்னைப் பார்த்து அதிர்ச்சியடையாதவர் அவர் ஒருவர்தான்.

"தண்ணி..." என்றேன். சத்தம் வரவில்லை. "தண்ணி... தண்ணி..."

"ஐயாவுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்கக் கிடைக்கேல்லையெண்டு அழுறாளடி!" என்று படலை அக்கா விளக்கம் சொன்னார். உடனே சுற்றிவர அழுகை இரண்டு மடங்கானது.

அவர்கள் அழ, நானும் அழுதேன். முதலில் தாகத்தில் அழுதேன். பிறகு, முப்பதை முடிக்காமல் இங்கே வந்து கிடக்கிறேனே, இதுவும் ஓர்கன் மாதிரித்தானே ஆகிவிட்டது என்ற நினைப்பில் உண்மையாகவே குழறினேன். தலையை நிமிர்த்தினால் ஒரு கமரா. வெளிநாட்டுச் சொந்தங்களுக்காக நேரலை ஓடிக்கொண்டிருந்தது. கமராக்காரர் என் சேற்று முகத்தை நெருங்கி எடுத்தார்.

செத்தவரின் மூத்த மகள் பவானி அக்கா, முதல் நாள்தான் ரொறன்ரோவில் இருந்து வந்தவர், என் முன்னால் குனிந்தார். முகத்தில் ஒரு கலவரம்.

"நீர் ஆரின்ரை பிள்ளை? அப்பாவுக்கு நீர் என்ன முறை?"

மேளம் நின்றுவிட்டது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. தொண்ணூறு வயது மதிக்கத்தக்க மனிதர், யாருக்கும் தெரியாத ஒருத்தி, இந்த அழுகை. நான் வாயைத் திறக்காவிட்டால் அந்த மனிதரின் மானம் மூன்று தேசத்தில் போய்விடும்.

யாரோ நீட்டிய சோடாவை ஒரே மூச்சில் குடித்தேன். "ஒரு முறையும் இல்லை அக்கா. நான் ஓடிக்கொண்டிருந்தனான்."

"ஆரிட்டையிருந்து?"

"ஒருத்தரிட்டையும் இல்லை. சும்மா. மரதனுக்கு. தண்ணி விடாய்ச்சுது. கோயிலெண்டு நினைச்சு வந்திட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

தலைமாட்டில் கதிரையில் இருந்த செத்தவரின் மனைவியின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. அழுகிறார் என்று எல்லோரும் ஓடினார்கள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அறுபத்திரண்டு வருஷம் இந்த மனிசனோட இருந்தனான். எனக்கே இவ்வளவு அழுகை வரேல்லை" என்றார். "உவள் ஆரெண்டு நானும் அப்ப பிடிச்சு யோசிச்சுக்கொண்டிருக்கிறன்!"

பவானி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு கமராக்காரர் சிரிக்க, கமரா ஆடியது. இறந்தவர் கந்தப்பிள்ளை மாஸ்ரர், அவர் இருந்திருந்தால் இதைச் சொல்லிச் சொல்லியே ஒரு மாதம் சிரித்திருப்பார் என்றார்கள்.

இதற்கிடையில், லண்டனில் இருக்கும் என் சின்னம்மா நேரலையைப் பார்த்துவிட்டுக் குகனுக்குக் கோல் எடுத்திருக்கிறார். "தம்பி, சுகந்தி வேலணையிலை கந்தப்பிள்ளை மாஸ்ரரின்ரை செத்த வீட்டிலை நிண்டு குழறுறாள். உங்களுக்கு அவர் என்ன முறை?" சிவப்பு ரீசேட்டோடு சாட்டியில் நின்ற மனிதர் விழுந்தடித்துக்கொண்டு வந்து இறங்கினார். என்னைக் கண்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "மாஸ்ரரை உமக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியாது" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

நான் மோட்டச் சைக்கிளில் ஏறப் போனேன். மாஸ்ரரின் மனைவி கூப்பிட்டார். "இன்னும் எவ்வளவு ஓடக் கிடக்கு?"

"எட்டுக் கிலோமீற்றர், அம்மா. ஏலாது. காணும்."

"ஏன் ஏலாது? சோடா குடிச்சிட்டீர், நல்லா அழுதும் போட்டீர். ஓடி முடிச்சிடும். இவர் எழும்பி வந்து மறிக்கப்போறாரே?"

பவானி அக்கா ஒரு பெரிய தண்ணீர்ப் போத்தலைக் கையில் தந்தார். நான் குகனைப் பார்த்தேன்.

"போம்" என்றார். "நான் இஞ்ச நிக்கிறன். ரெண்டு பேரும் போனால் மரியாதையில்லை."

ஓடினேன். பாதி தூரம் நடந்தேன் என்பதையும் சொல்லவேண்டும். ஆனாலும் சாட்டி மணலில் முப்பதாவது கிலோமீற்றர் முடிந்தபோது, கைதட்ட ஒரு மனிதரும் இல்லாமல், தனியாக நின்று கைகளை உயர்த்தினேன். குகன் மத்தியானம் தாண்டித்தான் வந்தார். சிவப்பு ரீசேட்டுக்கு மேல் யாரோ கொடுத்த வெள்ளைச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, சுடலை வரைக்கும் போய்விட்டு வந்திருந்தார்.

"முடிச்சிட்டீரோ?"

"முடிச்சிட்டன்."

அவர் விரல்விட்டு எதையும் எண்ணவில்லை. என் சப்பாத்துச் சேற்றைத் தட்டிவிட்டார்.

கொழும்பில் ஆறு மணித்தியாலம் பதினொரு நிமிடத்தில் நாற்பத்திரண்டையும் முடித்தேன். எனக்குப் பின்னாலும் நான்கு பேர் வந்தார்கள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு எங்கள் இருவருக்கும் அழைப்பு வந்தது. மாஸ்ரரின் நினைவாக அச்சடித்த கல்வெட்டுப் புத்தகத்தில் ஒன்றைத் தந்தார்கள். கடைசிப் பக்கத்தில் வழக்கமான நன்றி: "துயரச் செய்தி கேட்டு ஓடோடி வந்து ஆறுதல் கூறிய அனைவருக்கும்." அதற்குக் கீழே தனி வரியில்: "செய்தி கேளாமலே ஓடோடி வந்த சுகந்தி ரீச்சருக்கும்."

இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஒரு மரணச் செய்தி வந்தால், குகன் சால்வையை எடுத்துத் தோளில் போட்டபடி குசினிப் பக்கம் எட்டிப் பார்த்துக் கேட்பார்: "என்ன மாதிரி, என்னோட வாறீரோ, இல்லை ஓடிப்போறீரோ?"