ஜட்ஜய்யா நடத்திய பின்பிரேக் விசாரணை

திருப்பூரில் மனிதர்கள் கலப்படமில்லாத உண்மையைப் பேசிய ஒரே இடம் எங்கள் தெருமுனையில் இருந்த ஒரு தகர ஷெட்தான் என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வேன். அங்கே பொய் சொன்ன ஒரே ஆள் நான். அதைச் சொல்லத்தான் இந்த எழுபத்தோராவது வயதில் பேனாவை எடுத்திருக்கிறேன்.

அந்த ஷெட்டில் பைக் வேலை பார்த்தவரின் பெயர் யாருக்கும் தெரியாது. முதுகுக்குப் பின்னால் ஜட்ஜ், நேரில் ஜட்ஜய்யா. பிரேக் வேலையில் மன்னன். பின்சக்கர டிஸ்க் பிரேக் என்றால் வெளியூரிலிருந்துகூட வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். ஆனால் வண்டி வந்து நின்றதும் ஸ்பேனரைத் தொட மாட்டார். சாயப்பட்டறையிலிருந்து வந்த நீல டிரம் ஒன்று கவிழ்த்துப் போட்டிருக்கும். வண்டிக்காரரை அதன்மேல் உட்கார வைப்பார். எதிர் டீக்கடை பெஞ்சில் இருப்பவர்கள் டம்ளரோடு இந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். விசாரணை ஆரம்பமாகும்.

"பிரேக்கு தானாக் கெட்டுப்போறதில்லீங்க. யாரோ கெடுக்கறாங்க. அது நீங்களா, உங்கூட்டு ஆளுகளான்னு மட்டும் எனக்குத் தெரியோணும்."

பனியன் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர் ஒருவர் வந்தார். பிரேக்கை மிதித்தால் வண்டி யோசித்துத்தான் நிற்கிறது என்றார். ஜட்ஜய்யா வண்டியைப் பார்க்கவில்லை. அவருடைய வலது கால் செருப்பைக் கழற்றச் சொல்லி அடிப்பாகத்தைத் தடவிப் பார்த்தார்.

"எந்நேரமும் பெடல் மேலயே கால வெச்சிருக்கறீங்க. ஏனுங்க?"

மாஸ்டர் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தார். பிறகு உடைந்துவிட்டார். "ஊட்டுக்காரி பின்னால உக்காந்தா 'மெதுவா, மெதுவா'ன்னு சொல்லீட்டே வருவாளுங்க. பயத்துல கால எடுக்கறதே இல்லீங்க."

மறுநாள் அந்த அம்மாள் வரவழைக்கப்பட்டார். "அம்மிணி, வண்டியில ஏறுனா நீங்க பேசக்கூடாதுங்க. நீங்க பேசப் பேச பிரேக் பேடு தேயுது."

"அப்ப இவரை மெதுவா ஓட்டச் சொல்லுங்க. நான் எதுக்குப் பேசறேன்?"

ஜட்ஜய்யா தலையாட்டினார். "அதுவும் நாயந்தானுங்க" என்று தீர்ப்பைத் திருத்தினார்.

பீகார்ப் பையன் ஒருவன் வந்தான். அவனுக்குத் தமிழ் வராது, இவருக்கு இந்தி வராது. அதற்காக விசாரணையை ரத்து செய்துவிட முடியுமா? இருவரும் கையையும் காலையும் ஆட்டிக் கால் மணி நேரம் ஆடினார்கள். டீக்கடையில் இரண்டாம் ரவுண்டு டீ ஓடியது. கடைசியில் பையன் மூன்று விரலைக் காட்டித் தலை குனிந்தான். பேட் மாற்றி மூன்று வருடம் ஆகிவிட்டது என்ற உண்மை, ஒரு வார்த்தை இல்லாமல் வெளியே வந்தது.

வேலை முடிந்தால் வெள்ளோட்டம். எங்கள் தெரு சரிவான தெரு. மேட்டிலிருந்து வண்டியை விட்டு, முன்பிரேக்கைத் தொடாமல், பின்பிரேக்கை மட்டும் மிதித்து டீக்கடை வாசலில் நிற்பார். ஒரு சாண் முன்னே பின்னே போகாது. வண்டி கடைக்குள் புகாது என்று உறுதியான பிறகுதான் டீ மாஸ்டர் பால் சட்டியை அடுப்பில் ஏற்றுவார் என்பது என் மனைவியின் கணிப்பு.

இனி என் பாவத்துக்கு வருகிறேன்.

நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் பௌதிகம் நடத்தியவன். ஓய்வு பெற்றபின் ஆசைப்பட்டு வாங்கிய பைக்குக்குப் பின்னாலும் டிஸ்க் பிரேக். ஒருநாள் அது கீச்சென்று கத்தத் தொடங்கியது. கதவுக் கீல் கத்தினால் என்ன செய்வோம்? எண்ணெய் விடுவோம். நிட்டிங் கம்பெனி வைத்திருக்கும் என் தங்கை மகன், தையல் மிஷினுக்கென்று கொடுத்த நிட்டிங் ஆயில் பாட்டில் வீட்டில் இருந்தது. பின்னல் ஊசிகளுக்கு விடுகிற எண்ணெய் அது. துணியில் கறை தெரியக்கூடாது என்பதற்காகத் தண்ணீர் போலவே இருக்கும். அதை டிஸ்க்கின் மேல் விட்டேன். தாராளமாக விட்டேன். அப்புறம் பனியன் வேஸ்ட் துணியால் பளபளவென்று துடைத்தேன்.

சத்தம் நின்றது. பிரேக்கும் நின்றது. வண்டி மட்டும் நிற்கவில்லை.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. ஜட்ஜய்யா என்னை டிரம்மில் உட்கார வைத்து, "டிஸ்க்குல ஏதாச்சும் போட்டீங்களா சார்?" என்று கேட்ட கணத்தில்தான் எல்லாம் விளங்கியது. உராய்வு. எத்தனை கரும்பலகைகளில் எழுதியிருப்பேன்! எதிர் பெஞ்சில் இருந்தவர்களில் இரண்டு பேர் என் பழைய மாணவர்கள். அவர்களில் ஒருவனை, உராய்வு பாடத்தில் தப்பாக எழுதியதற்காக ஒரு பீரியட் முழுக்க நிற்க வைத்திருக்கிறேன்.

"ஒண்ணும் போடலையே" என்றேன்.

"வேற ஆளா இருந்தா பேடைக் கழட்டி மோந்து பாத்திருப்பேனுங்க. வாத்தியார் சொன்னதுக்கப்புறம் சந்தேகப்பட்டாப் பாவம்" என்று சொல்லிவிட்டு மற்ற எல்லாவற்றையும் கழற்ற ஆரம்பித்தார். பிரேக் ஆயிலை வடித்துப் புதிதாக ஊற்றினார். குழாயில் இருந்த காற்றை எடுத்தார். காலிபர் பின்களைச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்தார். பிடிக்கவில்லை. மறுபடி கூப்பிட்டு மாஸ்டர் சிலிண்டரைப் பிரித்தார். பிடிக்கவில்லை. இடையில் நான் வீட்டில் யாருக்கும் தெரியாமல் டிஸ்க்கைத் துடைத்துப் பார்த்தேன். எதைக் கொண்டு? எண்ணெயைத் துடைத்த அதே பனியன் வேஸ்ட்டைக் கொண்டு. இதுவும் முப்பத்து நான்கு வருட அனுபவம்தான்.

மூன்றாம் முறை ஹோஸை மாற்றிவிட்டு, "இப்பப் புடிக்கும் பாருங்க" என்று மேட்டிலிருந்து வண்டியை விட்டார். டீக்கடை வந்தது. டீக்கடை போயிற்று. அடுத்திருந்த வேஸ்ட் குடோன் வாசலில் அடுக்கியிருந்த மூட்டைகளுக்குள் ஜட்ஜய்யாவும் என் வண்டியும் ஒன்றாக நுழைந்தார்கள். பஞ்சு மாதிரித் துணி, அதனால் காயமில்லை. கழுத்தில் ஒரு ஆரஞ்சு ரிப் துணித் துண்டு மாலையாக விழ, அவர் எழுந்து வந்தார். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். அதுதான் இன்றுவரை என்னை அறுக்கிறது.

அவர் சிரிக்கவில்லை. கையைக் கழுவினார். "என்னால கண்டுபுடிக்க முடியலீங்க சார். வேற எங்காவது காட்டுங்க" என்றார். பிறகு தகரக் கதவில் சாக்பீஸால் எழுதினார்: 'பிரேக் வேலை பார்ப்பதில்லை.'

ஒன்பது நாள் அந்த எழுத்து அப்படியே இருந்தது. பஞ்சர் ஒட்டினார், என்ஜின் ஆயில் மாற்றினார். டிரம்மைச் சுவரோரம் தள்ளிவிட்டார். நான் காய்கறி வாங்க அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போனேன். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தினமும் முடிவெடுத்தேன்.

பத்தாம் நாள் காலை, டீக்கடையில் செய்தித்தாளுக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் செல்வி என்ற பெண் வந்தாள். தென்காசிப் பக்கம். வீட்டுக்காரரின் பைக்கில் தினமும் தாராபுரம் ரோட்டு நெரிசலில் போய் வருகிறவள்.

"அண்ணே, பின்பிரேக்கு பிடிக்கவே மாட்டேங்கு. நேத்து ஒரு லாரிக்குப் பின்னால போய் முட்டப் பாத்தேன்."

"நான் பிரேக்கு வேலை உட்டுட்டேன் அம்மிணி."

"என்னண்ணே இப்படிச் சொல்லுதிய? ஒங்கள நம்பித்தான வந்தேன்."

"என்ர கைய நானே நம்பறதில்லீங்க. அப்பறம் உங்க உசுரை எப்படி வாங்கி வெச்சுக்கறது? வேற பக்கம் போங்க."

அவள் மணியைப் பார்த்தாள். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது போல. வண்டியை எடுத்து மெயின் ரோட்டுப் பக்கம் திருப்பினாள். அந்தச் சரிவில், அந்த பிரேக்கோடு.

"நில்லும்மா!" என்று கத்திவிட்டேன். அவள் மிதித்தாள். வண்டி பதினைந்து அடி தள்ளித்தான் நின்றது. அதற்குள் நான் ரோட்டைத் தாண்டி ஷெட்டுக்குள் போய், கேட்காமலே டிரம்மை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"ஜட்ஜய்யா, என் டிஸ்க்குல நான்தான் எண்ணெய் விட்டேன். நிட்டிங் ஆயில்."

ஜட்ஜய்யா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"எத்தனை சொட்டுங்க?"

"சொட்டுக் கணக்கு இல்லை. கால் பாட்டில்."

"எப்ப?"

"உங்ககிட்ட முதல்ல வந்ததுக்கு முந்தின நாள்."

பெஞ்சிலிருந்து, ஒரு பீரியட் நின்றவன் வாயைப் பொத்திக்கொண்டு, "சார், உராய்வு..." என்று ஆரம்பித்தான்.

"சிரிச்சீன்னா உன்ர வண்டிய ஆயுசுக்கும் தொட மாட்டேன்" என்றார் ஜட்ஜய்யா திரும்பாமலே. பிறகு என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. கிரீஸ் படிந்த தன் இரண்டு கைகளையும் விரித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப என்ர கையில குத்தமில்லீங்களா சார்?"

"இல்லீங்க. என் வாயிலதான்."

சட்டை முனையால் கதவிலிருந்த சாக்பீஸ் எழுத்தை அழித்தார். "அம்மிணி, வண்டிய உள்ள கொண்டாங்க. ஷிப்டுக்குப் போன் பண்ணிச் சொல்லிருங்க" என்றார். அவள் வண்டியில் தேய்ந்த பேடை மாற்றிய கையோடு, வீட்டிலிருந்து என் வண்டியைத் தள்ளி வரச் சொல்லி, டிஸ்க்கை ஸ்பிரிட்டால் துடைத்து, எண்ணெய் குடித்த பேடைத் தூக்கியெறிந்து புதுசு போட்டார். இருபது நிமிட வேலை. அந்த ஒன்பது ராத்திரியும் அவர் தூங்கவில்லை என்று டீ மாஸ்டர் பிறகு சொன்னார்.

எனக்குத் தண்டனையும் உண்டு. அதன்பிறகு விசாரணைக்கு வந்தவர்கள் தயங்கினால், டீக்கடையில் இருக்கும் என்னைக் கை காட்டுவார்: "அங்க உக்காந்திருக்கறவரு பிசிக்ஸ் வாத்தியாருங்க. அவரே டிஸ்க்குல எண்ணெய் ஊத்துனாரு. நீங்க கூச்சப்படாமச் சொல்லுங்க." வந்தவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்ப்பார். அப்புறம் எல்லாம் மளமளவென்று வந்துவிடும். நான் எழுந்து நின்று வணக்கம்கூடச் சொல்லியிருக்கிறேன்.

போன வருடம் அவர் மகளோடு இருக்க மடத்துக்குளம் போய்விட்டார். அங்கேயும் ஒரு ஷெட் போட்டிருக்கிறாராம். உங்களுக்குக் கண் மங்குகிறது, வண்டியை விற்றுவிடுங்கள் என்கிறான் என் மகன். நான் கேட்பதாக இல்லை. தினமும் காலையில் பின்பிரேக்கை மிதித்துப் பார்க்கிறேன். அவர் கை பட்டது, கல் மாதிரிப் பிடிக்கிறது. கொஞ்சம் பிடிக்காமல் போனால்தான் என்ன, மடத்துக்குளம் வரை ஒரு நடை போய்வரலாமே என்று இருக்கிறது.