மாப்பிள்ளைக்கு நான் தைத்த பச்சைப் பர்ஸ்

படித்தவனுக்கு மன்னிப்புக் கேட்பதைப் போல் கஷ்டமான வேலை வேறில்லை. சொல்லவேண்டிய இரண்டு வார்த்தைகளை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் செய்து பார்ப்பான். நான் தையல் மெஷினில் போய் உட்கார்ந்தேன்.

தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றில் அதிபராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். (என் முழங்கால்கள் எனக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டன.) பதுளையிலிருந்து நமுனுகுல போகும் பாதையில், ரோட்டிலிருந்து படியிறங்கி வரவேண்டிய வீடு. ஒரே மகள் நிரோஷா. வெலிமடையில் லீக்ஸும் மற்ற மரக்கறியும் ஏற்றி லொறி ஓட்டும் யோகராஜைத்தான் கட்டுவேன் என்று அவள் சொன்ன அன்று, அவரையும் கூடவே அழைத்து வந்திருந்தாள். அவர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் உள்ளே இருந்தபடி, காலைக் கூட்டத்தில் கடைசி வரிசைக்கும் கேட்கிற குரலில் சொன்னேன்:

“அவன் சட்டைப் பையில லீக்ஸ் வாசனையத் தவிர என்னா இருக்கு?”

அவர் செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு படியேறிப் போய்விட்டார்.

கல்யாணம் நடந்தது. நானும் போனேன். போட்டோக்களில், பக்கத்து மண்டபத்துக்கு வந்து வழி தவறியவன் மாதிரி நிற்கிறேன். அதன் பிறகு மகளைக் கொண்டுவந்து விடும்போதெல்லாம் மாப்பிள்ளை லொறியை மேலே ரோட்டில் நிறுத்தி ஹோர்ன் அடிப்பார். இறங்க மாட்டார். என் மனைவி பாக்கியம் தேத்தண்ணியைத் தட்டில் வைத்து மூச்சு வாங்கப் படியேறிக் கொண்டுபோய்க் கொடுப்பாள். கோப்பை காலியாகத் திரும்பி வரும். என் சன்னலிலிருந்து பார்த்தால் மருமகனின் டயர்கள் மட்டும் தெரியும். பல வருடங்களாக நான் அவரை டயர்களாகவே அறிந்திருந்தேன்.

போன சித்திரைப் புதுவருடத்துக்கு பாக்கியம் போனில் அழுது, கெஞ்சி, பெரியவர்கள் கையால் முதல் காசு வாங்கும் கைவிசேஷ நேரத்துக்கு மட்டுமாவது வீட்டுக்குள் வருவதாக அவரிடம் வாக்கு வாங்கிவிட்டாள். போனை வைத்ததும் என் பக்கம் திரும்பினாள்.

“ஏங்க, அவரு வந்தா ரெண்டு வார்த்த சொல்லிருங்க. மனசுல வச்சுக்கிட்டே போய்ச் சேந்துறாதீங்க.”

“பாக்கலாம்.”

“பாக்கலாமா? அப்ப சொல்ல மாட்டீங்க.”

அவளுக்கு என்னை நன்றாகத் தெரியும். நானும் ஒத்திகை பார்த்தேன். “தம்பி” என்று தொடங்கினால் பேச்சு மழையிலும் மரக்கறி விலையிலும் போய் முடிந்தது. சரி, வாயால் முடியாததைக் கையால் செய்வோம் என்று தோன்றியது. வெலிமடை ஈரத்தில் தோல் பர்ஸ் எல்லாம் பூஞ்சணம் பிடிக்கிறது, காசை அவர் ஷொப்பிங் பையில் சுற்றி வைத்திருக்கிறார் என்று நிரோஷா ஒருமுறை சொல்லியிருந்தாள். துணியில் ஒரு பர்ஸ், அதுவும் என் கையால். சட்டைப் பையைப் பழித்தவன் சட்டைப் பைக்கே ஒன்றைத் தைத்துக் கொடுப்பது. (இதைப் பெரிய தத்துவமாக நினைத்துக்கொண்டு அன்று இரண்டு தரம் தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடித்தேன்.)

பாக்கியம் பதுளை பஜாருக்குப் போன காலையில் காரியத்தில் இறங்கினேன். போனில் பார்த்த வீடியோ ஒன்றில் ஒரு பெண் பர்ஸ் தைக்கச் சொல்லிக்கொடுத்தாள். பேச்சு அதிகமாக இருந்ததால் அங்கங்கே தாண்டிவிட்டேன். வினாவை முழுதாக வாசிக்காமல் விடை எழுதியதற்காக எத்தனையோ பிள்ளைகளை வெயிலில் நிற்க வைத்தவன் நான். தையலுக்கு ஓரத்தில் இடம் விடவேண்டும் என்பதை அந்தப் பெண் நான் தாண்டிய இடத்தில்தான் சொல்லியிருக்கிறாள். பர்ஸில் வைக்கப்போவது நோட்டுத்தானே என்று, ஒரு நோட்டைத் துணியில் வைத்து, அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டேன். மயிரிழைகூடக் கூடவில்லை, குறையவில்லை. என் துல்லியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

துணி? அலுமாரியில் இருந்தது. அந்த வருடப் பஞ்சாங்கம் பச்சை உடுக்கச் சொன்னது. பச்சையில் நல்ல கனமான துணி, கரையெல்லாம் போட்டு, மடித்து வைத்திருந்தது. எதையாவது தைக்க வாங்கி வைத்த வெட்டுத்துணி என்று நினைத்தேன். பிரித்துப் பார்க்கச் சோம்பல். மடிப்போடு வெட்டினால் ஒரே வெட்டில் பல துண்டு கிடைக்குமே என்று மூளை வேறு வேலை செய்தது. வெட்டினேன். மிஞ்சிய துண்டுகளை மூக்குக்கண்ணாடி துடைக்க எடுத்துக்கொண்டேன். துணியை, வெட்டிய பக்கம் சுவரைப் பார்க்க, ஒழுங்காகத் திருப்பி வைத்தேன்.

தைத்த கதையை விரிவாகச் சொல்ல உடம்பில் தெம்பில்லை. மெஷின் நான் மிதித்ததற்கு எதிர்த்திசையில் ஓடியது. அடியில் நூல் குருவிக்கூடு கட்டியது. கடைசியில் கையில் வந்தது, ஒரு பக்கம் தூக்கி ஒரு பக்கம் தாழ்ந்த, பல்வலிக்காரன் கன்னம் மாதிரி ஒன்று. ஆனால் மூன்று பக்கம் மூடி ஒரு பக்கம் திறந்திருந்தது. பர்ஸ்தான்.

புதுவருடக் காலையில் ஹோர்ன் அடிக்கவில்லை. படியில் காலடி கேட்டது. மாப்பிள்ளை வாசலில் செருப்பைக் கழற்றினார்.  உள்ளே வந்து, “கும்புடுறேங்க” என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுச் சுவரோரம் நின்றார்.

பாக்கியம் தட்டோடு வந்தாள். அவசரத்தில் அலுமாரியிலிருந்து மடித்த துணியை அப்படியே தூக்கி வைத்து, மேலே வெற்றிலையும் பூவும் பரப்பியிருந்தாள்.

“புதுச் சாரம் தம்பி. ஒங்க இடுப்புக்கு அளந்து ஓரத்தத் தச்சு மூட்டிக்கலாம்னு மூட்டாமத்தான் எடுத்தேன். இப்பைக்கு வேட்டி மாதிரி சும்மா சுத்திக்கிட்டு நில்லுங்க, நேரம் வந்திருச்சு.”

பச்சைச் சாரம்.

மாப்பிள்ளை அதை எடுத்து உதறினார். வாசல் வெளிச்சம் அதன் வழியாக வரிசையாக உள்ளே வந்தது. சதுரம், சதுரம், சதுரம்.

 மாப்பிள்ளையின் முகம் கறுத்தது. நல்ல நாளில், முதல்முறை வீட்டுக்குள் வந்த மருமகனுக்கு ஓட்டைத் துணி. அவர் கண் வாசலுக்குப் போனது, செருப்பு கிடந்த இடத்துக்கு.

“ஐயோ, எலி!” என்று பாக்கியம் கத்தினாள்.

“எலி சதுரமாவாம்மா கடிக்கும்?” என்றாள் நிரோஷா.

பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் கையில் பச்சைப் பர்ஸ் இருந்தது. ஒளிக்க நேரமில்லை. 

“வெட்டுத்துணின்னு நெனச்சேன்.”

“வெட்டுத்துணியா? இத்தன வருசமா இடுப்புல என்னத்தங்க கட்டியிருந்தீங்க? ஒரு சாரத்தப் பாத்தா சாரம்னு தெரியாதா?” பாக்கியம் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். “பெரிய அதிபரு!”

மாப்பிள்ளை என் அருகில் வந்து பர்ஸை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நீங்களா தச்சீங்க?”

“ஆமா.”

“யாருக்கு?”

“ஒங்களுக்குத்தான்.”

அவர் சாரத்தை மறுபடி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். நெடுநேரம் பார்த்தார். வாய் கோணியது. “நிரோ, இங்க பாரு. பதுளை ரயிலு. சன்னலெல்லாம் தொறந்து கெடக்கு.”

நிரோஷா சிரித்தாள். அடக்க முடியாமல் பாக்கியமும் சிரித்தாள். மாப்பிள்ளை ரயிலை இடுப்பில் சுற்றிக்கொண்டு கிழக்கே பார்த்து நின்றார். நான் வெற்றிலையில் நோட்டை வைத்து நீட்டினேன். அவர் வாங்கிப் பர்ஸுக்குள் வைக்கப் பார்த்தார். நுழையவில்லை. சரித்துப் பார்த்தார். தலை மட்டும் போய் உடம்பு வெளியே நின்றது.

அவர் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: “பரவால்ல மாமா. லீக்ஸ் வாசன வைக்க இது போதும்.”

மாமா என்று அவர் சொன்னது அதுதான் முதல்தடவை.  நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

“தம்பி, அன்னைக்கு நான் பேசுனது தப்பு. மன்னிச்சிருங்க.”

வந்துவிட்டது. இவ்வளவு சின்ன வாக்கியத்துக்கா ஒரு சாரத்தைக் கொன்றேன் என்று இருந்தது.

அவர் பர்ஸைச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு, “தேத்தண்ணி போடச் சொல்லுங்க மாமா. இன்னைக்கு ஒக்காந்தே குடிக்கிறேன்” என்றார்.

பாக்கியம் அந்தச் சன்னல்களுக்கெல்லாம் வேறு நிறத்தில் ஒட்டுப் போட்டுச் சாரத்தை மூட்டிக் கொடுத்தாள். மாப்பிள்ளை வீட்டில் அதைத்தான் கட்டுகிறாராம். கத்தரிக்கோல் இப்போது பூட்டிய பெட்டியில் இருக்கிறது. நகம் வெட்டவேண்டும் என்றாலும் எனக்கு அனுமதி வேண்டும். அன்று அவர் காதோடு சொன்ன லீக்ஸ் சமாச்சாரத்தை மட்டும் நாங்கள் இருவரும் யாரிடமும் எடுப்பதில்லை.

இந்தச் சித்திரைக்கும் அவர் வந்தார். பச்சைப் பர்ஸை எடுத்து நீட்டினார். நானே நோட்டை நாலாக மடித்து உள்ளே தள்ளினேன். துணியில் லீக்ஸ் வாசனை அடித்தது. சமையலறையிலிருந்து நிரோஷா ரயில் மாதிரிக் கூவினாள்.