தூக்கம் கலைக்காத டார்ச்

ஒரு காட்டில், நடுப்பகலிலும் கும்மிருட்டாக இருக்கும் ஒரு வளைக்குள், குத்தாலிங்கம் என்ற முள்ளம்பன்றி தன் மனைவி கூர்மதியோடு வாழ்ந்துவந்தது. முள்ளம்பன்றிக்கு இருட்டில் கண் தெரியாதா என்று கேட்கிறவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு விலங்கியல் பாடம் படிக்கப் போகலாம். இந்தக் கதையில் தெரியாது.

கூர்மதிக்குக் காட்டின் எல்லையில் இரவுக் காவல் வேலை. விடிந்து வீட்டுக்கு வந்ததும் அடித்துப்போட்ட மாதிரி தூங்கிவிடும். குத்தாலிங்கத்துக்குப் பகல் வியாபாரம். தன் முதுகிலிருந்து உதிர்ந்த முட்களைப் பொறுக்கிப் பல்குத்தும் குச்சி என்று விற்றுவந்தது. மதியம் பசித்தால் வீட்டுக்கு வரும். பனங்கிழங்குக் கூடை வளையின் மறுகோடியில் இருந்தது. நடுவில் கூர்மதி படுத்திருந்தது.

விளக்கில்லாமல் போனால் மனைவியை மிதிக்கும். மனைவிக்கு முட்கள் சிலிர்க்கும். மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. சரி என்று வீட்டிலிருந்த பழைய டார்ச்சை அடித்தால், வளை முழுக்கத் திருவிழா மாதிரி வெளிச்சமாகிவிடும். அப்போதும் கூர்மதி எழுந்துவிடும்.

ஒருநாள் அது தீர்மானமாகச் சொல்லிவிட்டது.

"இதோ பாருங்க. இன்னொரு தடவை என்னை எழுப்பினீங்கன்னா, மூட்டையைக் கட்டிட்டுப் புனுகுப்பூனை வீட்டுல போய்ப் படுத்துக்குங்க."

புனுகு வாசனைப் பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் அது உற்பத்தியாகிற இடத்துக்குப் பக்கத்திலேயே மூக்கை வைத்துக்கொண்டு தூங்கிப் பார்த்தால் தெரியும். குத்தாலிங்கம் நேராகக் கிளைமணி என்ற குரங்கின் டார்ச் கடைக்கு ஓடியது.

கிளைமணி கையில் கிடைத்த பெரிய டார்ச்சைத் தூக்கிக் காட்டியது.

"இதை எடுத்துக்குங்கண்ணே. இங்கிருந்து அடிச்சா அந்த மலையில நிக்கிற யானை கண்ணைக் கசக்கும்."

"யானைகிட்ட எனக்கு என்ன விரோதம்? இருக்கிறதிலேயே மங்கலா எரியுறது வேணும்."

"ரிப்பேர் ஆன டார்ச்சா?"

"இல்லப்பா. பேட்டரி தீரப்போற மாதிரி எரியணும். ஆனா தீரக்கூடாது."

கிளைமணி தலையைச் சொறிந்தது. அதற்குத் தலை அரிக்கவில்லை என்றாலும் சொறிந்தது. அப்போது மேல்கிளையிலிருந்து ஒரு விம்மல் கேட்டது. முழியப்பன் என்ற தேவாங்கு. கழுத்தில், இடுப்பில், கணுக்காலில் என்று உடம்பெல்லாம் சின்னச் சின்ன டார்ச்சுகளைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு திரியும். அதற்கு வேறு வேலை கிடையாது. காட்டில் எல்லாரும் அதன் டார்ச் புராணத்துக்குப் பயந்து, அதைக் கண்டால் அவசர வேலை இருப்பதாகச் சொல்லிப் போய்விடுவார்கள். வேடிக்கையாகச் சொன்னாலும் பாவம்தான் அது.

"இப்படி ஒரு கேள்வியைக் கேட்க ஒருத்தர் வருவாரான்னு எத்தனை நாளாக் காத்துக்கிட்டு இருந்தேன்," என்று சொல்லிக்கொண்டே இறங்கி வந்தது. அந்தக் கண்ணுக்குத் தகுந்த அளவு கண்ணீர் வந்தது. குத்தாலிங்கம் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டது.

"கேட்டுக்குங்கண்ணே. உங்களுக்கு வேண்டியது நிலா மோடு. பட்டனை அழுத்திப் பிடிச்சா, அமாவாசைக்கு மறுநாள் நிலா மாதிரி இத்தனூண்டு வெளிச்சம் வரணும். முதல் அழுத்துலயே பளீர்னு எரியுற டார்ச்சை வீட்டுக்குள்ளயே விடாதீங்க. குடும்பம் போயிடும்."

"ஆமாமா, குடும்பம்தான் முக்கியம்," என்றது குத்தாலிங்கம்.

கிளைமணி உள்ளே போய்க் கட்டைவிரல் நீளத்தில் சில டார்ச்சுகளை எடுத்துவந்தது. பெட்டியில் 'பாக்கெட் டார்ச்' என்று போட்டிருந்தது.

"நமக்கு ஏதுப்பா பாக்கெட்?"

"கங்காரு ஊர்ச் சரக்குண்ணே. நீங்க வாயில கவ்விக்குங்க."

இதோடு வாங்கிக்கொண்டு போயிருந்தால் கதை சுகமாக முடிந்திருக்கும். ஆனால் அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. விளக்கு எதுவானாலும், எரியவைத்துக் காட்டாமல் கடைக்காரர் விற்க மாட்டார், பார்க்காமல் யாரும் வாங்கவும் மாட்டார்கள். முழியப்பன் ஒரு டார்ச்சை அழுத்திப் பிடித்தது. உச்சி வெயிலில் ஒன்றும் தெரியவில்லை. அடுத்ததை அழுத்தியது. அதுவும் தெரியவில்லை. கையைக் குவித்துப் பார்த்தார்கள், வாலால் மூடிப் பார்த்தார்கள். பேட்டரி வாங்க வந்த கரடி, தன்னை யாரும் கேட்காமலேயே, ஒரு டார்ச்சைத் தன் அக்குளில் வைத்துப் பார்த்தது. அதற்கப்புறம் அந்த டார்ச்சை யாரும் தொடவில்லை.

"நல்ல இருட்டா ஒரு இடம் வேணுமே," என்றது முழியப்பன்.

மரப்பொந்தில் தேனீ இருந்தது. குகையில் புலி இருந்தது. எல்லாரும் யோசித்தார்கள்.

"அட, எங்க வீடே இருட்டுதானே!" என்றது குத்தாலிங்கம்.

நால்வருக்கும் அது அபாரமான யோசனையாகப் பட்டது. சொல்கிற எனக்கே ஒரு நிமிடம் அப்படித்தான் பட்டது.

வளைக்குள் ஓசைப்படாமல் நுழைந்தார்கள். கரடி வாசலில் மாட்டிக்கொண்டது. குரங்கு உள்ளேயிருந்து இழுத்தது, குத்தாலிங்கம் பின்னாலிருந்து முட்டியது. முள் குத்தியதும் கரடி தானாகவே உள்ளே போய்விட்டது. கத்தவில்லை. அந்த மட்டும் கரடியைப் பாராட்ட வேண்டும்.

முதல் டார்ச்சில் கூர்மதியின் ஒவ்வொரு முள்ளும் தெரிந்தது. "அணை, அணை," என்றது குத்தாலிங்கம். அடுத்ததில் கூர்மதி புரண்டு படுத்தது. நால்வரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். கடைசியாக, இருப்பதிலேயே சின்ன டார்ச்சை முழியப்பன் பயபக்தியோடு அழுத்திப் பிடித்தது.

"எரியுது," என்று கிசுகிசுத்தது.

"எரியலை," என்றது கரடி.

"உத்துப் பாருங்க."

"பார்த்துட்டேன். என் மூக்குதான் தெரியுது."

"மூக்கு தெரியுதுல்ல? அப்ப எரியுது."

"என் மூக்கு எனக்கு எப்பவுமே தெரியும்."

குத்தாலிங்கம் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு மெல்ல நடந்தது. மனைவியின் வாலைத் தாண்டியது, தலையைத் தாண்டியது, கூடையைத் தொட்டேவிட்டது. ஆனந்தத்தில் அதற்குக் கண் கலங்கியது. ஆனால் கரடி விடவில்லை.

"பழகின வீடு, குருட்டாம்போக்குல போயிருப்பாரு. அது எரியவே இல்லை."

கிளைமணிக்குக் கடையின் மானம் போகிற மாதிரி இருந்தது. "எரியுதா இல்லையான்னு இப்பவே பார்த்துடலாம்," என்று சொல்லி, கையோடு கொண்டுவந்திருந்த, யானை கண்ணைக் கசக்கும் அந்தப் பெரிய டார்ச்சை எடுத்துச் சின்ன டார்ச்சின் மேல் பளீரென்று அடித்தது.

கூர்மதி எழுந்து உட்கார்ந்திருந்தது.

"வாங்க," என்றது.

"நான் இல்லை, இந்தக் குரங்குதான்!" என்று குத்தாலிங்கம் அலறியது. "புனுகுப்பூனை வீடு மட்டும் வேண்டாம் கூர்மதி!"

"பதறாதீங்க. நீங்க ஒண்ணும் எழுப்பலை. இந்தக் கரடியண்ணன் வாசல்ல மாட்டினப்பவே முழிச்சுட்டேன்."

"அப்ப ஏன் கண்ணை மூடிட்டு இருந்தே?"

"கண்ணைத் தொறந்தா 'வாங்க'ன்னு சொல்லணும். சொன்னா டீ போடணும். ராத்திரி முழுக்க நின்னுட்டு வந்திருக்கேங்க. காலெல்லாம் கெஞ்சுது."

நால்வரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். உண்மையாகவே வெட்கப்பட்டார்கள்.

"டீ இருந்தா நல்லாத்தான் இருக்கும்," என்றது கரடி.

கூர்மதி தலையணையை எடுத்துக்கொண்டது. அந்தச் சின்ன டார்ச்சையும் எடுத்துக்கொண்டது.

"நான் புனுகுப்பூனை வீட்டுக்குப் போறேன். மூக்கைப் பொத்திக்கிட்டாவது தூங்குவேன். வந்தவங்களுக்கு நீங்களே டீ போட்டுக் குடுங்க."

தான் வீட்டை விட்டுப் போக வேண்டியதில்லை என்றானதும் குத்தாலிங்கத்துக்கு உயிர் வந்தது. உற்சாகமாக அடுப்பைப் பற்றவைத்தது. தண்ணீர் கொதித்தது. தேயிலையும் கிடைத்தது. சர்க்கரை கிடைக்கவில்லை. பெரிய டார்ச்சை அடித்து எல்லா டப்பாவையும் உருட்டினார்கள். கரடி ஒரு டப்பாவிலிருந்து உப்பை அள்ளித் தின்றுவிட்டுத் தண்ணீர்க் குடத்தைத் தேடி ஓடியது.

கடைசியில் நால்வரும் புனுகுப்பூனையின் வளைக்குப் போனார்கள். உள்ளே நல்ல இருட்டு. கூர்மதி நிஜமாகவே தூங்கிப்போயிருந்தது. முழியப்பன் தன் கணுக்காலிலிருந்து ஒரு டார்ச்சைக் கழற்றி, அழுத்திப் பிடித்து, நிலா மோடில் வைத்துக் கொடுத்தது. அருமையான டார்ச். குத்தாலிங்கம் யாரையும் மிதிக்காமல், மனைவியின் இமையில் துளி வெளிச்சமும் படாமல், பக்கத்தில் போய்க் குனிந்து, காதோடு காதாகக் கேட்டது:

"கூர்மதி, சர்க்கரை எங்கே?"

நீதி: டார்ச் வாங்குவதானால் கண் கூசுகிற மாதிரி பெரியதாகவே வாங்குங்கள். எப்படியும் எழுப்பத்தான் போகிறீர்கள்.